நிறுவைச் சங்கு

மின் வாரியத்தில் 'பெமாங்கு' என்று ஒரு பதவி உண்டு. மேலாளர் மாற்றலாகிப் போனால், அடுத்தவர் வரும்வரை அந்த நாற்காலியில் உட்கார வைக்கப்படுகிறவர் பெமாங்கு. தமிழில் சொன்னால் பொறுப்பு மேலாளர். சம்பளம் பழையது, ஏச்சு மட்டும் புதியது. சுங்கை தெராத்தாய் அணைக்குக் கிரகரி பெமாங்கு ஆகி மூன்று வருஷம் ஓடிவிட்டது. அடுத்தவர் வருகிற வழியைக் காணோம். கோலாலம்பூர் தலைமையகத்தில் துறைகளைப் பிரிப்பதும் சேர்ப்பதுமாகவே அவர்களுக்குப் பொழுது சரியாக இருந்தது. அணை ஒன்று மலையில் இருக்கிறது, அதற்கு ஒரு ஆள் வேண்டும் என்பது யார் தலையில் ஏறும்?

அன்றைக்குக் காலையிலேயே கோலா தெர்லா பக்கம் மழை பிடித்துக்கொண்டது. மத்தியானத்துக்குள் மலை முழுவதும் பரவிவிட்டது. கட்டுப்பாட்டு அறையின் கண்ணாடிக்கு அப்பால் ஏரி பால் ஊற்றிய தேத்தண்ணி நிறத்தில் ஏறிக்கொண்டிருந்தது. ஷிப்ட் இஞ்சினியர் உமாதேவி கணினியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. ஈப்போவிலிருந்து வந்து இரண்டு வருஷம் ஆன பெண். பயந்த சுபாவம் கிடையாது. அவளே இன்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"பாஸ், இந்த வேகத்துல ஏறி நான் பாத்ததே இல்லலா."

கிரகரி அவள் தோளுக்கு மேலாகத் திரையைப் பார்த்தார். அவருக்குத் தெரியும், அந்த ஏரியில் பாதிக்கு மேல் தண்ணீர் இல்லை, சேறு. மேலே காய்கறிக் கொல்லைகளிலிருந்து வருஷா வருஷம் அரித்துக்கொண்டு வந்த மண். அதை அள்ள வேண்டியது யார் என்பதில் இரண்டு துறைகளுக்கு வழக்கு. மண் என்பது நிலம், ஆகவே சொத்துத் துறை அள்ள வேண்டும் என்றது உற்பத்தித் துறை. தண்ணீருக்குள் கிடக்கும்வரை அது உற்பத்தித் துறையின் மண் என்றது சொத்துத் துறை. இரண்டு பேரும் மாநாடு போட்டுப் பேசினார்கள், நல்ல ஹோட்டலில், நல்ல சாப்பாட்டோடு. சேறு மட்டும் யாருக்கும் காத்திராமல் வளர்ந்தது. ஒரு வாளி நிரம்ப எத்தனை நேரம்? பாதி மண் போட்ட வாளி நிரம்ப எத்தனை நேரம்? சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

இப்போதே மதகைக் கொஞ்சமாகத் திறந்தால் தண்ணீர் பையப்பைய இறங்கும். கீழே ஆறு தாங்கிக்கொள்ளும். விளிம்பு வரை விட்டுவிட்டுத் திறந்தால் ஒரேயடியாக அடித்துக்கொண்டு போகும். லெம்பா பெர்த்தாமில் இப்படித் திறந்து, வீடுகளுக்குள் சேறு புகுந்து ஆள் செத்த வருஷத்தை இந்த மலையில் யாரும் மறக்கவில்லை. ஆனால் மதகைத் திறக்கும் அதிகாரம் போன வருஷமே கோலாலம்பூர் மத்தியக் கட்டுப்பாட்டு அறைக்குப் போய்விட்டது. கிரகரி போனை எடுத்தார்.

அந்தப் பக்கம் ராதாகிருஷ்ணன். கெட்டவன் அல்ல. நாட்டின் அணைகள் அத்தனையையும் ஒரே சுவரில் படமாகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மனிதன்.

"ராதா, கேட் திறக்கணும். இப்பவே."

"அண்ணே, என் ஸ்கிரீன்ல இன்னும் நெறைய எடம் காட்டுதே."

"உன் ஸ்கிரீன்ல தெரியுறது சேறு விழறதுக்கு முந்தின ஏரிடா. இங்க வந்து பாரு, கீழ பூரா மண்ணு."

"எனக்குத் தெரியும்ணே. நான் என்ன செய்ய? புது அளவு எடுக்குற டெண்டரே இன்னும் முடியல. பழைய கணக்க வச்சுக்கிட்டு மேல போய்க் கேட்டா, எடம் இருக்கும்போது எதுக்குத் தண்ணிய வீணாக்குறேன்னு என்னைத்தான் கடிப்பாங்க. தண்ணின்னா அவங்களுக்குக் கரண்டுலா."

"உயிருக்கு ஆபத்துன்னா நிலைய மேலாளரே முடிவெடுக்கலாம்னு விதி இருக்குல்ல?"

"இருக்குண்ணே. ஆனா அது பெங்குருசுக்கு, நிரந்தர மேலாளருக்கு. நீங்க பெமாங்கு."

"அடப்பாவி! நான் பெமாங்குன்னு வர்ற தண்ணிக்குத் தெரியுமாடா?"

"கோச்சுக்காதீங்கண்ணே. பெரியவரு மீட்டிங்ல இருக்காரு. வெளிய வந்ததும் கேட்டுச் சொல்றேன்."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்க வேண்டுமே. கிரகரி போனை வைத்துவிட்டு ஜன்னலுக்கு வந்தார். மழைக்குள் கண்ணுக்கு எதுவும் பிடிபடவில்லை. ஆனாலும் கீழே என்ன எங்கே இருக்கிறது என்று அவருக்குக் கண்ணை மூடினாலும் தெரியும். அணைக்குக் கீழே ஆறு வளைந்து தேயிலைத் தோட்டத்துக்குள் போகிறது. இந்தக் கரையில் கொழுந்தை எடை போடுகிற நிறுவைக் கொட்டகை, அதற்குப் பின்னால் ஃபேக்டரி, லயன் வீடுகள். அந்தக் கரையில் பதினாலாம் நம்பர் மலை. இரண்டையும் சேர்ப்பது ஒரு பலகைப் பாலம். இன்று பதினாலாம் நம்பர் மலையில் கொழுந்து எடுக்கிற கும்பலுக்குக் கங்காணி ஆரோக்கியம்மாள். கிரகரியின் கூடப்பிறந்த அக்கா.

தம்பி மேலாளர், அக்கா கங்காணி என்று ஊரில் கேலி செய்வார்கள். வேலையை விடு என்று அவர் பலமுறை சொல்லிப் பார்த்தார். "உன் ஆபீஸ்ல உன் பேச்ச எவன் கேக்குறான்? எங்கிட்ட இருபது பேரு கேக்குறான்" என்று வாயை அடைத்துவிட்டாள். அது உண்மையும்தான்.

"பாஸ்," உமாதேவி கூப்பிட்டாள். "இதுக்கு மேல காத்திருந்தா நம்ம கையில இருக்காது."

கிரகரி சிலுவை போட்டுக்கொண்டார். "திற. கொஞ்சமா திற."

"ரெக்கார்டு ஆகும் பாஸ். உங்க பேருலதான் ஆகும்."

"ஆகட்டும். தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன, முழம் என்ன? மொதல்ல சைரன அடி."

மதகைத் திறக்கும் முன் ஆற்றோரம் முழுக்கச் சைரன் அடிக்க வேண்டும். அடித்தால்தானே? உமாதேவி பொத்தானை அழுத்தினாள். திரையில் வரிசையாகச் சிவப்பு விளக்கு. ஒன்றுகூடப் பேசவில்லை. சைரன் பாதுகாப்புப் பிரிவினுடையது, அது நிற்கும் கம்பம் சொத்துத் துறையினுடையது, உள்ளே இருக்கும் பேட்டரி குத்தகைக்காரனுடையது. குத்தகை முடிந்து, புதுக் குத்தகைக்காரன் இன்னும் வரவில்லை. இவர்கள் பங்கு பிரித்துக்கொண்ட அழகில் சைரன் ஊமையாகிக் கிடந்தது.

அணைக்குக் கீழே ஆற்றோரம் இருக்கிற காய்கறிக் கொல்லைக்காரர்களுக்கு உமாதேவி வாட்சப் குழுவில் செய்தி போட்டாள். உடனே பதில்கள் வந்தன, அவர்கள் மேட்டுக்கு ஏறத் தொடங்கிவிட்டார்கள். தேயிலை மலையில்தான் சிக்கல். அந்தச் சரிவில் போனுக்கு லைன் எடுக்காது. கிரகரி இரண்டு தடவை அக்காவுக்கு அடித்துப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை.

அப்போதுதான் அவருக்கு ஃபேக்டரிச் சங்கு ஞாபகம் வந்தது. மலைக்கு மலை கேட்கிற சங்கு. ஆகா, இது போதுமே என்று தோன்றிய கணத்தில் அவருக்குத் தன்மீதே ஒரு பெருமை. தோட்டத்தில் கணக்கெழுதுகிற கிராணி சாம்பசிவத்துக்குப் போன் போட்டார். கிரகரியைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவர்.

"அண்ணே, சங்க ஊதுங்க. நான் சொல்ற வரைக்கும் நிப்பாட்டாதீங்க."

"இந்நேரத்துலயா? மேனேஜர் துரைகிட்ட ஒரு வார்த்த கேக்கணுமே தம்பி. அவரு தானா ராத்தா டவுனுக்குப் போயிருக்காரு."

"ஐயோ, உயிர் போற விஷயம்ணே! கேட் திறக்கப் போறோம். ஊதுங்க!"

"சரி சரி, நீ கத்தாத. இந்தா போறேன்."

உமாதேவி மதகை உயர்த்தினாள். சுவரே அதிர்ந்தது. தண்ணீர் வெளியே பாயும் ஓசை மழையோசையை அமுக்கியது. அது வளைந்து வளைந்து பலகைப் பாலத்தை எட்ட இருபது நிமிஷம் போல ஆகும். கொஞ்ச நேரத்தில் மழையைக் கிழித்துக்கொண்டு சங்கு வந்தது. கிரகரி அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தார்.

சாய்ந்தவரின் கை தானாகத் தோளுக்குப் போனது. மூட்டை நழுவாமல் கயிற்றை இழுத்துவிடுகிற மாதிரி. பள்ளி விடுமுறையில் அம்மாவுக்குக் கொழுந்து மூட்டை சுமந்த காலத்துக் கை. சங்கு ஊதினால் மூட்டையைத் தூக்கு, இறங்கு, பாலத்தைத் தாண்டு, நிறுவைக்கு ஓடு. பிந்தினால் லாரி நிற்காது, ஃபேக்டரி வரைக்கும் மேட்டில் முதுகிலேயே சுமக்க வேண்டும். தோட்டத்தில் மத்தியானத்துக்கு மேல் ஊதுகிற சங்குக்கு அது ஒன்றுதான் அர்த்தம். அபாயத்துக்கு அங்கே யாரும் எந்தக் காலத்திலும் சங்கு ஊதியதில்லை.

மழை பலத்தால் கும்பல் மலைமேல் இருக்கிற ஒதுங்கல் குடிசையில்தான் நிற்கும். மேட்டில், ஆற்றுக்கு எட்டாத உயரத்தில், பத்திரமாக. அங்கே நின்றவர்களைத்தான் அவர் இப்போது கூப்பிட்டுவிட்டார்.

"மாதாவே!" என்று எழுந்தார். "உமா, மூடு! கேட்ட மூடு!"

"இப்பத்தானே பாஸ் திறந்தோம்?"

"சங்கு கேட்டு எல்லாம் பாலத்துக்கு வந்துருவாங்க. மூடும்மா!"

அவள் ஒரு கேள்வியும் கேட்காமல் மதகை இறக்கத் தொடங்கினாள். கிரகரி சாம்பசிவத்துக்குப் போன் அடித்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆள் இல்லை. எப்படி எடுப்பார்? நிப்பாட்டாதே என்று இவர்தானே சொன்னார். மனிதர் சொன்ன சொல் தவறாமல் சங்குக்குப் பக்கத்தில் நின்று ஊதிக்கொண்டிருந்தார். அந்தச் சத்தத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை.

கீழே கராஜில் டிரைவர் தங்கையா இருந்தார். கிரகரி வாக்கி-டாக்கியில் கத்தினார். "தங்கையா, ஹைலக்ஸ் வண்டிய எடுத்துக்கிட்டு நிறுவைக்குப் போ! பாலத்துல யாரையும் கால் வைக்க விடாத!"

"போறேன் பாஸ்!"

"பாஸ்," உமாதேவியின் குரல் உடைந்திருந்தது. "கேட் மேல போகுது. நான் தொடல. தானா ஏறுது."

போன் அடித்தது. ராதாகிருஷ்ணன், குரலில் சந்தோஷம் வழிய. "அண்ணே, கெடச்சிருச்சு! கொல்லைக்காரன் எவனோ வீடியோ போட்டுருக்கான், அது மேல வரைக்கும் போயிருச்சு. பெரியவரே மீட்டிங்க விட்டு எந்திரிச்சு வந்துட்டாரு. முழுசாத் திறக்கச் சொல்லிட்டாரு. நீங்க சிரமப்பட வேணாம், இங்கிருந்தே திறக்கிறோம்."

"மூடு ராதா! பாலத்துல ஆளுங்க வர்றாங்க!"

"என்னண்ணே இது? திறன்னு நீங்கதானே நின்னீங்க?"

"நான் தப்புப் பண்ணிட்டேன்டா! சங்கு ஊதச் சொல்லி நானே அவங்கள ஆத்துக்குள்ள கூப்பிட்டுட்டேன். மூடு!"

வாரியத்துப் போன்களில் தப்புப் பண்ணிவிட்டேன் என்று ஒருவர் சொல்லி ராதாகிருஷ்ணன் கேட்டதே இல்லை. "அண்ணே, எனக்குப் புரியுது," என்றான். "ஆனா மூடணும்னா மறுபடி அவர்கிட்டத்தான் கேக்கணும். நான் ஓடுறேன், லைன்லயே இருங்க."

கிரகரி லைனில் இருக்கவில்லை. போனை உமாதேவி கையில் திணித்துவிட்டு ஓடினார். மதகை இயக்கும் அறை அணையின் நடுவில் இருந்தது. அங்கே இருக்கும் விசையைத் திருப்பினால் கோலாலம்பூரின் கை அறுந்துபோகும், மதகு இங்கே நிற்கிறவன் சொல்வதைத்தான் கேட்கும். மழை முகத்தில் அறைந்தது. ஐம்பது வயதுக்கு மேல் யார் ஓடுகிறார்கள்? நெஞ்சு வலித்தது, நிற்கவில்லை. வலது பக்கம் ஏரி அவர் கால் உயரத்துக்கு வந்துவிட்டதைப் போல் தெரிந்தது. இடது பக்கம், கீழே, தண்ணீர் முழு வேகத்தில் பாய்ந்துகொண்டிருந்தது. அது போய்ச் சேர்கிற இடத்தை நினைத்துக்கொண்டே ஓடியதில் வழுக்கி விழுந்து, எழுந்தார்.

விசையைத் திருப்பினார். மதகை இறக்கினார். அது இறங்குகிற வேகத்துக்கு ஒரு ஆமை முந்திக்கொண்டு போகும். "எறங்கு, எறங்கு சனியனே" என்று இரும்பைப் பார்த்துக் கெஞ்சினார், திட்டினார். இடுப்பில் வாக்கி-டாக்கி கரகரத்தது.

"பாஸ், வந்துட்டேன். பாதிப் பேரு தாண்டிட்டாங்க. மீதி பாலத்து மேலயும் அந்தக் கரையிலயும்."

"தண்ணி?"

"பலகையத் தொடுது பாஸ். கங்காணியம்மா அந்தக் கரையில நின்னு ஒவ்வொருத்தரா அனுப்புறாங்க. மூட்டையப் போட்டுட்டு ஓடியாங்கன்னு கத்துறேன், ஒருத்தனும் போட மாட்டேங்கிறான்."

"அக்காவ அந்தப் பக்கமே நிக்கச் சொல்லு!"

"இரைச்சல்ல கேக்கல, வர்றாங்க. இப்ப வர்றாங்க பாஸ். கடைசி ஆளக் கையில புடிச்சுக்கிட்டு..."

பிறகு வெறும் இரைச்சல். கிரகரி வாக்கி-டாக்கியைக் காதோடு சேர்த்து அழுத்தினார். மதகு முழுதாக இறங்கி முட்டி நின்றது. இனி என்ன இறங்கி என்ன? அணையை விட்டுப் போன தண்ணீரைத் திருப்பிக் கூப்பிட முடியுமா?

"தங்கையா! டேய் தங்கையா, பேசுடா!"

"பாலம் போயிருச்சு பாஸ்." தங்கையா அழுதுகொண்டிருந்தார். "கங்காணியம்மாவ இழுத்துப் போட்டுட்டோம். அவங்க கையில இருந்த ஆளு போயிட்டாரு."

சங்கு அப்போதும் ஊதிக்கொண்டிருந்தது.

ஏரி விளிம்புக்கு வந்துவிட்டதால் மதகை மறுபடி திறந்தே ஆக வேண்டியிருந்தது. ஆற்றோரத்தில் இனி ஒரு ஆளும் இல்லை என்று தங்கையாவிடம் மூன்று முறை கேட்டுக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தார் கிரகரி. அணைக்கு ஒன்றும் ஆகவில்லை. கொல்லைகளில் சேறு ஏறியது, ஆள் யாருக்கும் ஒன்றுமில்லை. மழை விட்டதும் உமாதேவியை அறையில் விட்டுவிட்டு அவர் நிறுவைக் கொட்டகைக்குப் போனார்.

தீயணைப்புப் படையினர் கயிற்றோடு கரையில் தேடிக்கொண்டிருந்தார்கள். கொட்டகைக்குள் கும்பல் சுருண்டு உட்கார்ந்திருந்தது. சாம்பசிவம் தராசுக்குப் பக்கத்தில் தலையில் கை வைத்திருந்தார். ஆரோக்கியம்மாள் ஈர மூட்டை ஒன்றின்மேல் உட்கார்ந்து தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கிரகரி எதிரில் போய்க் குந்தினார்.

"ஆலம்னு பேருடா," என்றாள் அவள், தலை நிமிராமல். "பங்ளாதேஷ் ஆளு. என்னவிடக் கொஞ்சந்தான் சின்னவன். ஆத்தங்கரையில பொறந்தவனாம். தண்ணியோட நெறம் சரியில்ல கங்காணிம்மா, இங்கயே இருந்துருவோம்னு சொன்னான். மத்தவங்களும் அவன் பேச்சக் கேட்டு உக்காந்துட்டாங்க. நான்தான் விடல. சங்கு ஊதிருச்சு, நீ என்னா பெரிய துரையான்னு திட்டினேன். வர மாட்டேன்னவனக் கையப் புடிச்சு இழுத்துக்கிட்டு வந்தேன்." அவள் உள்ளங்கையை மடக்கினாள். "இந்தக் கையிலதான்டா இருந்தான்."

சொல்லாமல் இருந்துவிடலாம். கிராணி சொல்ல மாட்டார், அவருக்கே பயம். ஆனால் அக்கா இப்படியே சாகிறவரை அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

"அக்கா, சங்கு ஊதச் சொன்னது நான்."

அவள் மெல்ல நிமிர்ந்தாள்.

"சைரன் வேல செய்யல. உங்கள எப்படியாவது எச்சரிக்கணும்னு..." கிரகரி ஈர மூட்டையின் கயிற்றைப் பிடித்துக்கொண்டார். "காப்பாத்தத்தான்க்கா ஊதச் சொன்னேன்."

அடிப்பாள் என்று நினைத்தார். அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தார். அவள் அடிக்கவில்லை.

"நாங்க மேல நல்லாத்தானேடா இருந்தோம்," என்றாள்.

அவருடைய போன் அடித்தது. தலைமையகத்தில் ஊடகப் பிரிவு. ஒரு பெண் குரல் மரியாதையாகப் பேசியது. வாரியத்தின் அறிக்கை தயாராகிக்கொண்டிருக்கிறது, இன்னும் இரண்டு துறைகள் பார்த்து ஒப்புதல் தர வேண்டும், அதுவரை யாரிடமும், குறிப்பாகக் குடும்பத்தாரிடம், எதுவும் பேச வேண்டாம். கிரகரி போனை அணைத்துப் பையில் போட்டார்.

கொட்டகை வாசலில் ஆலமின் மச்சான் நின்றிருந்தான். அதே கும்பலில் வேலை செய்கிறவன். கையில் போனை வைத்துக்கொண்டு, பெயரை எடுப்பதும் அழுத்தாமல் விடுவதுமாக இருந்தான். ஊரில் இருக்கிற தன் அக்காவுக்கு, ஆலமின் மனைவிக்கு, என்ன சொல்வது, யார் செய்தது என்று சொல்வது என்று அவனுக்குத் தெரியவில்லை.

"அவன்கிட்டப் போ," என்றாள் ஆரோக்கியம்மாள். "எங்கிட்டச் சொன்னியே, அத அவன்கிட்டச் சொல்லு."

கிரகரி எழுந்து போனார். மச்சான் அவருடைய வாரியச் சட்டையைப் பார்த்துவிட்டு விலகி வழி விட்டான். அவர் தாண்டிப் போகவில்லை.

"நம்பரப் போடுங்க," என்றார் மலாயில். "நான் சொல்றத அப்படியே உங்க பாஷையில சொல்லுங்க. ஒரு வார்த்தகூட விடாதீங்க."

அவன் அழுத்தினான். அந்தப் பக்கம் மணி அடிக்கத் தொடங்கியது.